கோயில் ஃபோல்டரும் மச்சானின் புரோகிராமும்

எங்கள் பக்கத்தில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். "தேரடி தாண்டி ரைட்ல வா, இஸ்திரி வண்டி நிக்கும், அதுக்கு எதிர்ல மஞ்ச கலர் வூடு" என்பார்கள். ஆள் போய்ச் சேர்ந்துவிடுவான். அன்றைக்கு இஸ்திரி வண்டி வராமல் போனாலும் சேர்ந்துவிடுவான். கம்ப்யூட்டர் என்று ஒன்று இருக்கிறது. தன் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும் ஃபைலைத் தேடிவிட்டு, "காணவில்லை" என்று சிவப்பு எழுத்தில் எழுதிக் காட்டும். அதைத்தான் மூளை மூளை என்று உலகம் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறது.

நான் பத்தாவது வரை படித்தவன். வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்கு இருந்து வீடியோ மிக்ஸிங் கற்றுக்கொண்டேன். கேமராக்காரர்கள் எடுத்துவரும் துண்டுகளை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, ஒரு படமாக்கிக் கொடுப்பது. இப்போது திருவொற்றியூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்று வடிவுடையம்மன் புண்ணியத்தில் வேலை வந்துகொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கம்ப்யூட்டருக்கு விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டாமல் நான் அதன் பொத்தானை அழுத்துவதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு கல்யாணத்து வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, கல்யாணச் சடங்கு இருக்கும் ஃபோல்டருக்கு முதலில் அந்த வீட்டுச் சாமியின் அடையாளத்தைப் போட்டுவிட்டுத்தான் பெயர் எழுதுவேன். நம் வீடுகளுக்குப் பிள்ளையார் சுழி. தண்டையார்பேட்டை பாய் வீடுகளுக்கு 786. ராயபுரம் கிறிஸ்தவ வீடுகளுக்குச் சிலுவை. கீபோர்டில் சிலுவை கிடையாது. ஆகவே கூட்டல் குறி. மண்டபத்துச் சாப்பாடு, மேடை டான்ஸ் எல்லாம் வெறும் பெயரோடு கிடக்கும். பிரியாணிக்கு எதற்குச் சாமி? தாலி ஏறும் இடத்துக்குத்தான் அந்த மரியாதை. யாரும் கேட்டுச் செய்ததில்லை. அவர்கள் சாமி என் கடைக்கு வந்த விருந்தாளி, வாசலில் நிற்க வைக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

சமீபத்தில் ராயபுரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கிறிஸ்தவர், கப்பலில் ஃபிட்டர் வேலை பார்ப்பவர். பெண்ணுக்கு ஊர், காட்டுப்பள்ளித் துறைமுகம் போகும் வழியில் இருக்கும் நெட்டுக்குப்பம். விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம், மாப்பிள்ளை வீட்டு மாதா கோயிலில் பூசை வைத்து. பெண்ணின் அப்பா மீன்பிடிக்கப் போகிறவர். "கோயில் மாறிப் போறவ எனக்குப் பொண்ணே இல்ல" என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டார் என்று ஊரே பேசிக்கொண்டது. எனக்கு அவர் முகம் தெரியாது. எனக்கு வந்தது வீடியோ மட்டும். வெட்டி ஒட்டும் வேலை எல்லாம் முடித்து வைத்திருந்தேன். முழுப் படமாக வெளியே எடுத்து ஹார்ட் டிஸ்கில் போட்டுத் தருவதுதான் பாக்கி. அதற்குள் கம்ப்யூட்டர் செத்தது.

ரிப்பேர்க்காரர் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தார். கடல் காற்றில் போர்டு பச்சை பிடித்திருந்தது. ஃபேனில் விபூதி.

"இன்னா சார், சாமி பொட்டிக்குள்ளயே குடித்தனம் பண்ணிகினு கீது?"

"அது இருந்ததாலதான்யா இவ்ளோ வருசம் ஓடிச்சி" என்றேன்.

போர்டு அவுட், டிஸ்க் பத்திரம் என்று சொல்லி, டிஸ்கைக் கழற்றி எங்கிருந்தோ கொண்டுவந்த இன்னொரு பெட்டியில் மாட்டிவிட்டுப் போனார். மிக்ஸிங் வேலையைத் திறந்தேன். திரை முழுக்கச் சிவப்பு. ஒரு துண்டு விடாமல் எல்லாம் காணவில்லையாம். பழைய பெட்டியில் டிஸ்கின் பெயர் டி. புதுப் பெட்டியில் எஃப். அவ்வளவுதான் விஷயம். வாசல் நம்பர் மாறினதும் வீட்டையே காணோம் என்கிற புத்திசாலி. நூற்றுக்கணக்கான துண்டுகளுக்கும் ஒவ்வொன்றாக நானே இடம் காட்ட வேண்டுமாம்.

மறுநாள் காலையில் அந்தக் கல்யாணப் பெண் வந்து நின்றாள்.

"அண்ணா, ரெடியா? இன்னிக்கி சாயங்காலம் அவுரு காட்டுப்பள்ளில கப்பல் ஏறணும்."

பெட்டி செத்ததைச் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "மச்சான் வந்துகினு கீறான்மா, சாப்ட்வேர் ஆளு, சரி பண்ணிடுவான்" என்றும் சொல்லிவைத்தேன்.

"பண்ணிடணும்ணா. வெளாட்டு இல்ல." நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நேத்துதான் எங்கம்மா போன்ல சொல்லிச்சி. அப்பா வந்துச்சாம் கோயிலுக்கு. கடைசில நின்னுட்டு, பூசை முடியறதுக்குள்ள பூட்சாம்."

"அடடா. மாப்பிள்ளைகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'உங்கம்மா வுடற கதையெல்லாம் வேற எவன்கிட்டயாவது சொல்லு'ன்றாரு. என் கல்யாணத்துக்கு வராதவன் வூட்டு வாசப்படிய நான் திரும்பி வர்ற வரைக்கும் நீ மிதிக்கக் கூடாதுன்றாரு. ஒம்போது மாசம்ணா. எங்கம்மா வூட்டுக்குப் போவாம மாமியார் வூட்டு சொவத்த பாத்துகினு குந்திகினு இருக்கணுமா?"

"அப்படியே சொல்லிட்டாரா?"

"கடைசில ஒண்ணு சொன்னாரு. 'படத்துல உங்கப்பன் மூஞ்சி இருந்தா காட்டு, அப்ப பேசலாம்'னாரு. அவ்ளோதான். எனக்கு அந்தக் கோயில் வேணும்ணா."

"டிஸ்க் நல்லாத்தான்மா கீது. அந்த ஃபோல்டர தொறந்து இப்பவே நாம பாத்துடலாமே?"

"வேணாம்." தலையை வேகமாக ஆட்டினாள். "நான் மட்டும் பாத்து? நானே உன்கிட்ட சொல்லி எவனையோ ஒட்ட வச்சேன்னுவாரு. அவுருக்கு வாய் அப்படி. ரெண்டு பேரும் ஒண்ணா பாக்கணும், முழுப் படமா. மத்தியானம் இட்டுகினு வர்றேன்."

போய்விட்டாள். நான் அம்மன் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றேன். தாயே, இது படம் இல்லை, ஒரு பெண் பிறந்த வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்கிற விஷயம், பார்த்துக்கொள் என்றேன். சாமி பார்த்துக்கொண்டது. ஆனால் என் மச்சானை அனுப்பிப் பார்த்துக்கொண்டது. அதில்தான் கஷ்டம்.

மச்சான் என் மனைவியின் தம்பி. ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறான். கழுத்தில் அடையாள அட்டையோடுதான் காய்கறிக் கடைக்கும் போவான். அன்று லீவாம். வந்ததும் மிக்ஸிங் வேலை சேமிக்கப்பட்டிருக்கும் ஃபைலை எழுத்தாகவே திறந்து காட்டினான். அப்போதுதான் கம்ப்யூட்டர் விலாசம் எழுதுகிற லட்சணத்தைக் கண்ணால் பார்த்தேன்.

முதலில் ஃபைல் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு. பிறகு லோக்கல்ஹோஸ்ட் என்று ஒரு பெயர்.

"இது எந்த ஊருடா?"

"எந்த ஊரும் இல்ல மாமா. இதே மிஷின்தான். இந்த வூட்லயே கீதுன்னு அர்த்தம்."

தன் வீட்டுச் சமையலறைக்குப் போவதற்குத் தன் வீட்டு விலாசத்தைச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றைக்குப் பார்த்தேன். அதற்கப்புறம் இன்னொரு சாய்கோடு, டிஸ்க் பெயர், ஃபோல்டர் பெயர், கடைசியில் துண்டின் பெயர். நடுவில் காலி இடம் வந்தால் அதை அப்படியே விட மாட்டார்களாம். %20 என்று எழுதுவார்களாம். ஒன்றுமில்லாததற்கு மூன்று எழுத்து. நான் தமிழில் எழுதின பெயர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. எல்லாம் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் நம்பருமாக, மூட்டைப்பூச்சி ஊர்வது போல வரிக்கு வரி ஊர்ந்தன.

"நான் எழுதின மண்டபம் எங்கடா?"

"அதான் மாமா இது. தமிழ்ல ஒரு எழுத்துக்கு இதுல ஒம்போது எழுத்து."

ஒரு எழுத்துக்கு ஒன்பது! காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.

"இணையத்துல பக்கத்துக்கு அட்ரஸ் இருக்குல்ல, அதே மாதிரி ஃபைலுக்கும் எழுதி வச்சிகீது" என்று மச்சான் விளக்கினான். "இத நம்ம டிஸ்க்கு, ஃபோல்டர்னு சாதா பாதையா மாத்தணும். டிய எஃப் ஆக்கணும். அந்த எடத்துல ஃபைல் கீதான்னு பாத்துட்டு, திரும்ப அட்ரஸா எழுதி வச்சிட்டா முடிஞ்சிது. பத்து லைன் மாமா. டீ வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்."

இந்தப் பத்து லைன்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர்க் குழாய் போட வந்தவன் "ஒரு மணி நேர வேலை" என்றுதான் எங்கள் தெருவைத் தோண்டினான்.

முதல் தடவை, விலாசத்தின் தலையில் இருக்கும் அந்த ஃபைல், லோக்கல்ஹோஸ்ட் எழுத்துகளை எண்ணி, அத்தனை எழுத்தை வெட்டி எறிந்தான். ஓட்டினான். ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. பார்த்தால் டிஸ்க் பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கணக்கில் ஒன்று குறைந்துவிட்டதாம். காலேஜில் கணக்கு படித்தவன்.

இரண்டாம் தடவை சாய்கோடு போயிற்று. %20 அப்படியே நின்றது. அந்தப் பெயரில் எனக்கு எந்த ஃபோல்டரும் கிடையாது. மச்சான் உதட்டைக் கடித்துக்கொண்டு போனை எடுத்து அதனிடம் என்னவோ எழுதிக் கேட்டான். இப்போது எல்லாரும் போனிடம்தான் கேட்கிறார்கள். அதுவும் ரேஷன் கடைக்காரரைப் போலச் சலிக்காமல், வாயில் வந்ததை நம்பிக்கையோடு சொல்கிறது. அது எழுதிக் கொடுத்ததை இவன் தன் எழுத்துக்கு நடுவில் ஒட்டினான். ஓட்டினான்.

திரையில் சரசரவென்று வரிகள் ஓடி, கடைசியில் 'முடிந்தது' என்று வந்தது.

"பாத்தியா!" நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். "எல்லாம் மாத்தியாச்சி மாமா. %20 போச்சி, தமிழும் வந்துச்சி. தொறந்து பாரு."

திறந்தேன். திரையில் தெரிந்த வரைக்கும் சிவப்பு போயிருந்தது. மண்டபம் வந்தது, நலங்கு வந்தது, சாப்பாடு வந்தது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மேடையில் போட்ட குத்தாட்டம் ஒரு நொடி குறையாமல் வந்தது. எனக்கும் சந்தோஷம்தான். படத்தை வெளியே எடுக்கக் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்தேன்.

கோயில் இல்லை. பெண் காரிலிருந்து இறங்குகிறாள், அடுத்து சிவப்பு. சிவப்பு முடிந்ததும் மண்டபத்தில் மாலையோடு நிற்கிறார்கள். பாட்டு மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. கல்யாண வீடியோவில் கல்யாணத்தைத் தவிர எல்லாம் இருந்தது.

"டேய், முடிஞ்சிதுன்னு போட்டுச்சே?"

"முடிஞ்சிதுதான் மாமா. கெடைக்காதத வுட்டுட்டு மத்தத முடிக்கச் சொல்லி எழுதியிருந்தேன். எங்கயும் நிக்கக் கூடாதுல்ல."

கேளுங்கள் இந்த நியாயத்தை. பந்தியில் பாதி இலைக்குச் சோறே போடாமல், பரிமாறி முடித்துவிட்டேன் என்று சமையல்காரன் வந்து சொன்னால் தோளில் இருக்கும் துண்டை உருவிவிடுவோம். இவர்கள் அதற்குச் சம்பளமும் வாங்கி, வருடத்துக்கு ஒருமுறை உயர்வும் வாங்குகிறார்கள்.

மச்சான் டிஸ்கைத் திறந்து பார்த்தான். ஃபோல்டர் இருந்தது. துண்டுகள் எல்லாம் உள்ளே இருந்தன. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, இவன் புரோகிராம் இல்லை என்கிறது. அவன் பார்வை ஃபோல்டர் பெயரின் முதலில் நின்ற கூட்டல் குறியில் போய் நின்றது.

"இது இன்னா மாமா?"

"சிலுவை."

"சிலுவையா? ஃபோல்டர்லயா?" சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "அதான பாத்தேன். நீ வச்ச சாமிதான் மாமா வழில குந்திகினு கீது. எட்து கடாசு. சரியாப் பூடும்."

"எடுக்க மாட்டேன்."

"வெறும் பிளஸ்ஸு மாமா!"

"உனக்கு பிளஸ்ஸு. அவங்க தாலி கட்டின எடம்டா அது. புருசன் கடலுக்குப் போறான். இன்னிக்குப் பார்த்து அவங்க சாமிய என் கையால அழிக்கணுமா? உன் புரோகிராம மாத்து."

"ஒரு எழுத்த எடுத்தா ஒரு நிமிசத்துல முடியற வேல. இந்த மாதிரி ஆளுங்களாலதான்..." என்று ஆரம்பித்தான். எந்த மாதிரி ஆளுடா என்று நானும் எழுந்தேன். டீயோடு வந்த என் மனைவி டம்ளர்களை டக்கென்று மேசையில் வைத்தாள்.

"சாமிய எடுன்றதுக்கு இவன் யாரு? அந்தப் பொண்ணு வரும் மத்தியானம். ரெண்டு தொரையும் வாசல்ல நின்னு பதில் சொல்லுங்க. எனக்கின்னா, நான் உள்ள கதவ சாத்திப்பேன்."

டீயைக் குடித்தோம். பிறகு மச்சான் ஒரு சமாதானத்துக்கு வந்தான். "உன் ஃபோல்டர் அப்படியே இருக்கட்டும் மாமா, தொட மாட்டேன். சிலுவ இல்லாம ஒரு நகல் போட்டுப் பாக்கறேன், அதுல கெடைச்சா போதும்." அதற்கு நான் தலையாட்டினேன். நகல் ஏறுவதற்கே ரொம்ப நேரம் பிடித்தது. மறுபடி ஓட்டினான். மறுபடி 'முடிந்தது'. மறுபடி கோயில் இல்லை.

"இப்ப எந்த சாமி குந்திகினு கீது?" என்றேன்.

அவன் கிடைக்காத துண்டுகளை எந்த இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது என்று திரையில் எழுதிக் காட்டும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தான். அதை முதலிலேயே சேர்த்திருந்தால் ஒரு காலை நேரம் மிச்சம். வரிகள் வந்தன. குனிந்து பார்த்தான். மூக்கு திரையில் ஒட்டும் அளவுக்குக் குனிந்தான். நானும் எட்டிப் பார்த்தேன். டிஸ்க் பெயர் சரி. கல்யாண ஃபோல்டர் சரி. அடுத்து கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் காலி இடம். அதற்கப்புறம் 'கோயில்'. நகலில் அந்தக் காலி இடமும் கிடையாது. ஆகவே அதுவும் பொருந்தவில்லை.

உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"இன்னாடா?"

"இணையத்துல பேரு, ஊரு எல்லாம் ரொப்பி அனுப்பறோம்ல மாமா, அதுல காலி எடம் வந்தா கூட்டல் குறியா மாத்தி அனுப்புவாங்க. அத திருப்பி காலி எடமா ஆக்கறதுக்குன்னு ஃபங்ஷன்னு ஒரு குட்டி புரோகிராம் கீது. போன் எழுதிக் குடுத்தது அது. அதான் உன் சிலுவய காலி எடமா ஆக்கிடுச்சி. ஃபைல் அட்ரஸ்ல அது கூடாது. இதுல கூட்டல்னா கூட்டல்தான். காலி எடம்னா %20 மட்டுந்தான்."

"அப்ப ஃபைல் அட்ரஸுக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாதா?"

"கீது." குரல் இறங்கிவிட்டது. "நான் எழுதற லாங்வேஜ்லயே ரெடியா கீது. அட்ரஸக் குடுத்தா பாதைய குடுத்துடும். சாய்கோடு, %20, தமிழ், எல்லாம் அதுவே பாத்துக்கும்."

"பின்ன ஏன்டா அத போடல?"

"நாமளே எழுதிடலாமேன்னு..."

இந்த 'நாமளே எழுதிடலாமே'வைத்தான் நான் இன்று வரை நினைத்து நினைத்துப் பொருமிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சாவி இருக்கிறது. அதை எடுக்காமல் கடப்பாரையால் பூட்டை உடைப்பான்; உடையாவிட்டால் வாசலில் மாட்டியிருக்கும் சாமி படத்தின் மேல் பழி போடுவான். இத்தனைக்கும் கடைசியில் அவன் மாற்றியது இரண்டே வரிகள். தான் வெட்டி ஒட்டியதை எல்லாம் அழித்துவிட்டு அந்த ரெடியாக இருந்ததைக் கூப்பிட்டான். அடுத்த தடவை ஓட்டும்போது ஒரு துண்டுகூட விட்டுப்போகவில்லை. கிடைக்காவிட்டால் நின்று சொல்லும்படியும் மாற்றினான், நான் கேட்காமலே. அதை மட்டும் அவன் கணக்கில் வரவு வைக்கலாம்.

படம் வெளியே வந்து ஹார்ட் டிஸ்கில் ஏறி முடிந்த நேரத்துக்கு அவர்கள் இருவரும் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை தோளில் பெரிய பை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, அம்மன் படத்தையும் குங்குமம் வைத்த கம்ப்யூட்டரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஆட்டோ நிக்கிது. சீக்கிரம் காட்டுணா அந்த அதிசயத்த" என்றார்.

"உக்காரு. உக்காந்து பாரு" என்று பெண் அவர் சட்டையைப் பிடித்து நாற்காலியில் இழுத்தாள்.

கோயில் பகுதியைப் போட்டேன். பீடத்தில் மெழுகுவர்த்தி, பாட்டு, பெண் நடந்து வருவது. பெஞ்சுகளில் இருந்த கூட்டத்தைக் கேமரா சுற்றிவந்தது. இருவரும் குனிந்து அப்பாவைத் தேடினார்கள். யாருமில்லை. படத்தில் பைபிள் வாசகம் படித்தார்கள். மறுபடி கூட்டம். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாருமில்லை.

"இன்னா, உங்கப்பன் கண்ணுக்குத் தெரியாத ஆளா?" என்றார் மாப்பிள்ளை.

மச்சான் சுவரில் சாய்ந்து நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கிடைத்தும் பிரயோஜனம் இல்லாமல் போய்விடுமோ என்று நினைத்தேன். தாயே, தாயே என்று உள்ளுக்குள் ஓடியது.

தாலி கட்டும் நேரம். பாட்டுக்காரர்கள் நிற்கும் மாடியிலிருந்து இரண்டாவது கேமரா கீழே பார்த்து எடுத்த துண்டு அது. ஜன்னல் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழுந்து அழகாக இருக்கிறதே என்று நான் சேர்த்திருந்தேன். கூட்டம் முழுக்க எழுந்து பீடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கடைசிப் பெஞ்சுக்கும் பின்னால், வாசல் பக்கத்துத் தீர்த்தத் தொட்டி ஓரமாக ஒருவர். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டின லுங்கி.

"நிறுத்துணா! நிறுத்து! அதோ!" பெண் திரையில் விரலை வைத்துவிட்டாள். "எங்கப்பா!"

மாப்பிள்ளை நாற்காலியை முன்னால் இழுத்தார். "மறுபடி போடுணா."

மறுபடி போட்டேன். நான் எத்தனை தடவை பார்த்து வெட்டின துண்டு. அந்த மனிதரை ஒருமுறையும் கவனித்ததில்லை. அவர் அக்குளில் எதையோ இடுக்கிக்கொண்டிருந்தார். தாலி ஏறியதும் லுங்கியின் மடிப்பை அவிழ்த்துக் கீழே விட்டார். கும்பிடுவதற்காக இரண்டு கையையும் தூக்கினார். அக்குளில் இருந்தது கீழே விழுந்தது. செருப்பு. அவசரமாகக் குனிந்து பொறுக்கினார். யாராவது பார்த்தார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். போய்விட்டார்.

மாப்பிள்ளையின் தோள்தான் முதலில் குலுங்கியது.

"செருப்ப இடுக்கிகினு கீறாரே உங்கப்பா! கோயில்ல எவனாவது அடிச்சிகினு பூடுவான்னு பயமா?"

"எங்கப்பாவ சொல்லாத! உங்க கோயில் வாசல்ல போனவாட்டி என்து காணாம போச்சில்ல?" என்று சொல்லிக்கொண்டே அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வந்தவரு உள்ள வந்து குந்தினாதான் இன்னா? எங்க ஃபாதர் இன்னா முழுங்கிடுவாரா? அவ்ளோ ரோசம்!" என்றார் மாப்பிள்ளை. இன்னொரு முறை போடச் சொல்லி, அந்தக் கை தூக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "சரி, போ."

"இன்னா சரி போ?"

"உங்கம்மா வூட்டுக்குத்தான். போய் இரு. போற வழிதான, நானே எறக்கி வுட்டுட்டுப் போறேன்."

"பெரிய மனசு பண்ணிட்டாரு தொர" என்று அவள் எங்களைப் பார்த்துச் சொன்னாள்.

ஹார்ட் டிஸ்கைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். மாப்பிள்ளை அதைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "எப்படியோ கரெக்ட் டைமுக்கு எழுதிட்டேன்ல மாமா?" என்று மச்சான் என் காதருகே வந்தான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

வாசலில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஆட்டோ நகர இடமில்லை. அந்தப் பெண் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒலைல எனக்கும் சேத்து அரிசி போடு... ஆமா, இப்பத்தான், வந்துகினே கீறேன்... அவரும்தான். உள்ள வருவாரான்னு தெரியல, டைம் ஆவுது... அப்பா வூட்லதான கீது? நீ ஒண்ணும் சொல்லாத. செருப்ப பத்தி நானே கேட்டுக்கறேன்."